கூடு

பொட்டு எங்கே தூங்கும் என்று எனக்குத் தெரியும். தொட்டியின் இடது மூலையில் இரண்டு கற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இடத்தில் ஒரு பொந்து. என் கை நுழையாது, அது நுழையும். இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்ததும் பின்பக்கமாகவே உள்ளே போய், முகத்தை வாசலுக்கு நேராக வைத்துக்கொண்டு, செவுள் மட்டும் அசைய நிற்கும். மூன்றரை ஆண்டுகளாக அதே பொந்து.

2024 ஜூலையில் ஓர் இரவு, டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி, ஒரு கையில் வலையோடு அந்தப் பொந்தின் முன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். பவளப்பாரில் வாழும் மீன்கள் பலவற்றின் கண்ணுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாக எட்டாது. தூங்கும் மீனை அள்ளுவது எளிது என்று சொல்லியிருந்தார்கள். பகலில் கரிக்கட்டையாக இருக்கும் அதன் உடம்பு அந்த நேரத்தில் சாம்பல் பூத்திருந்தது. வலையின் கம்பி கல்லில் பட்டு ஒரு சின்னச் சத்தம். மீன் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். பிறகு பொந்தில் இருட்டு மட்டும்தான் இருந்தது.

படுக்கையறை வாசலில் மகள் நின்றிருந்தாள். "அது தூங்குதுப்பா" என்றாள். வலையை வெளியே எடுத்துவிட்டேன்.

பொட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது 2021 ஜனவரியில். கொளத்தூரில் மீன்கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் தெருக்கள் சென்னைக்காரர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் நன்னீர் மீன்கள்தான். கடல்மீன் வைத்திருக்கும் கடைகள் சிலவே. நான்கு அடித் தொட்டி, உப்புக் கலந்த ஆர்.ஓ. தண்ணீர், நீரைக் குளிர்விக்கும் சில்லர் எல்லாம் தயாரான பிறகு கடைக்காரர் சொன்னார்: "முதல்ல ரெண்டு டோமினோ விடுங்க சார். சைக்கிள் ஆகட்டும். அது எதையும் தாங்கும்."

சைக்கிள் என்பது இதுதான். புதுத் தொட்டியில் மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாக மாறும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் பெருக வேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொடக்கத்தில் தண்ணீரில் அமோனியா ஏறும். கடல்நீரின் காரத்தன்மையில் அமோனியாவின் நஞ்சு நன்னீரில் இருப்பதைவிடக் கூடுதல். செவுளை எரிக்கும். அந்த எரிச்சலைத் தாங்கிக்கொண்டு, தன் கழிவால் நுண்ணுயிர்களுக்குத் தீனி போட ஒரு மீன் வேண்டும். விலை குறைந்ததாகவும் இருக்க வேண்டும். அதற்குத்தான் டோமினோ.

மீனே இல்லாமல், அம்மோனியம் குளோரைடு கொஞ்சம் கலந்தோ, ஓர் இறால் துண்டை அழுகவிட்டோ அதே காரியத்தைச் செய்யலாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டில் ஒன்று எட்டாம் நாள் செத்தது. மற்றது மேற்பரப்பில் வந்து வாய் திறந்து மூடியபடி நின்றது. பன்னிரண்டாம் நாள் மறுபடியும் தீனி எடுத்தது. அந்தத் தொட்டியில் பிறகு வாழ்ந்த ஒவ்வோர் உயிரும் அந்த மீன் பட்ட பாட்டின்மேல்தான் வாழ்ந்தது.

உடம்பு முழுக்கக் கறுப்பு. இரு விலாவிலும் மேல்பக்கம் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி, நெற்றியில் ஒன்று. நெற்றிப் புள்ளியைப் பார்த்து, அப்போது ஆறு வயதான என் மகள் அதற்குப் பொட்டு என்று பேர் வைத்தாள். 1829இல் எடுவார்ட் ரூப்பெல் இந்த இனத்தைச் செங்கடல் மீனைக் கொண்டு விவரித்தபோது அவருக்கும் கண்ணில் பட்டவை புள்ளிகள்தான்: டாசிலஸ் ட்ரைமாகுலேட்டஸ், மூன்று புள்ளிக்காரன். செங்கடலிலிருந்து பசிபிக் நடுவிலுள்ள தீவுகள் வரை பரவியிருக்கும் மீன். குஞ்சாக இருக்கும்போது கடல் சாமந்தியின் கொட்டும் கைகளுக்கு நடுவே, கோமாளி மீன்களுக்குப் பக்கத்தில் ஒண்டி வாழும். வளர வளர நெற்றிப் பொட்டு முதலில் மங்கும். எங்கள் பொட்டுக்கு மூன்றாம் ஆண்டிலேயே நெற்றி வெறுமையாகிவிட்டது. பேர் மட்டும் மிஞ்சியது.

பவளத் தொட்டி என்று சொல்கிறேனே தவிர, அதில் கல் பவளம் கிடையாது. பார் கட்டும் கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள காப்பு அவற்றுக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பெயர்த்து வண்டி வண்டியாக ஏற்றிய காலத்தைப் பார்த்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. அதனால் அந்தச் சட்டத்தின்மேல் எனக்கு மரியாதை அதிகம். என் தொட்டியில் தோல் பவளம், காளான் பவளம் போன்ற மென்மையானவை மட்டும். கல்லும் செயற்கைக் கல்.

ஆனால் கல் இல்லாமல் பவளத் தொட்டி இல்லை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், உயிர் ஊறிய கற்களும் காற்றுக் குமிழும் இருந்தால் போதும், கடல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று தன் வீட்டுத் தொட்டிகளில் செய்து காட்டி 1961இல் எழுதினார். இன்று உலகம் முழுக்க வீடுகளில் உள்ள பவளத் தொட்டிகள் அந்த எண்ணத்தின் வாரிசுகள். கல்லின் ஒவ்வொரு துளையிலும் தண்ணீரைக் காக்கும் உயிர் குடியிருக்கிறது. அந்தத் துளைகளேதான் மீனுக்குக் கோட்டை. தொட்டி எவ்வளவுக்கு உயிரோடு இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதிலிருந்து ஒரு மீனை வெளியே எடுப்பது கடினம்.

எதையும் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னது இரண்டாம் முறையும் பலித்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்றுதான் கையிலிருந்தது. கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர்கள் எங்கள் கூடத்தில் தங்கியிருந்தார்கள். குழந்தைகளுக்குப் பால் தேடும் வேளையில் மீனைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. நள்ளிரவில் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மஞ்சள் டேங் மீன் செத்தது. இறால்கள் செத்தன. மூன்றாம் நாள் காலை, கோமாளி மீன்கள் இரண்டும் மூலையில் ஒடுங்கியிருக்க, கலங்கிய நீரில் பொட்டு வழக்கம்போல என் விரலை நோக்கி வந்தது.

விரலை நோக்கி வருவது இரண்டாம் ஆண்டில் தொடங்கியது. தீனி போடும் கையை அது அறிந்திருந்தது. மனைவி கூடத்தில் நடந்தால் திரும்பிப் பார்க்காது. நான் வந்தால் கண்ணாடியோரம் கூடவே நீந்தி வரும். இதை என் ஆசை என்று யாராவது சொல்லலாம். வில்மீன்கள் மனித முகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிகின்றன என்று 2016இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். பொட்டின் சொந்தக்கார இனம் ஒன்று, நம் கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கோலங்களை முகத்தில் பார்த்துத் தன் இனத்தானை அடையாளம் காண்கிறது. பார்ப்பதையே வாழ்வாகக் கொண்ட உயிர் அது. அதற்கு நான் தெரிந்திருந்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

புயலுக்குப் பிறகு தொட்டியில் பாதி வெறுமை. அந்த வெறுமை முழுவதையும் பொட்டு தன்னுடையதாக்கிக்கொண்டது. பிப்ரவரியில் புது மீன்கள் வாங்கி விட்டேன். அன்றிலிருந்துதான் அந்தச் சத்தம். டோமினோக்கள் சத்தம் எழுப்பும்; பல்லைத் தட்டுவது போல, டக், டக். கூடத்தில் மின்விசிறி நின்றிருக்கும் நேரம் கண்ணாடிக்கு வெளியே அது கேட்கும். சத்தம் கேட்ட மறுநொடி ஏதோ ஒரு மீன் கல்லில் மோதி ஒதுங்கும். ஃபயர் கோபி என்று கடையில் சொல்லும் மெல்லிய மீன், முன்பாதி வெள்ளையும் பின்பாதி தீயுமாக இருப்பது, துரத்தினால் மேலே எகிறும். ஒரு காலை அதை சோபாவுக்கு அடியில் கண்டெடுத்தோம், காய்ந்த வேப்பிலை போல. அன்றே தொட்டிமேல் வலைச் சட்டம் போட்டேன். துரத்தல் நிற்கவில்லை. ஏப்ரலில் ஒரு பிளென்னி மீன், வால் கிழிந்து, தீனிக்கு வெளியே வராமலே செத்தது.

இந்த இனத்துக்கு முதலில் குடியேறியவன் என்பது பெரிய உரிமை. இடத்தைக் காப்பதுதான் அதன் பிழைப்பு. இந்தக் குடும்பத்து மீன்களில் சில, கடலில் தமக்கென்று பாசித் தோட்டம் வைத்துக்கொண்டு, வேண்டாத பாசியைக் களையெடுத்து, தோட்டத்துக்குள் வரும் கடல் முள்ளெலியை முள்ளில் கவ்வித் தூக்கி எல்லைக்கு வெளியே போட்டுவிட்டு வரும். பொட்டும் தன் பொந்துப் பக்கம் ஊர்ந்த நத்தைகளைக் கவ்விக் கொண்டுபோய் எதிர் மூலையில் போடும். நத்தை மறுநாள் திரும்பி வரும். பொட்டு மறுபடியும் தூக்கிப் போடும். அலுக்காமல் மூன்று ஆண்டாகச் செய்தது. வேண்டாததை அகற்றுவது என்ன என்பதை நான் முதலில் அதனிடம்தான் பார்த்தேன்.

வேண்டாத மீன். இந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் வேறொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் பேச்சில் ஒருவனை வேண்டாதவன் என்றால் அவன் முன்பின் தெரியாதவன் அல்ல. தெரியாதவனுக்கு அந்தப் பேர் கிடையாது. ஒருகாலத்தில் வேண்டியவனாக இருந்தவன்தான் வேண்டாதவன் ஆகிறான்.

அகற்றியாக வேண்டும் என்பதில் நான் தடுமாறவில்லை. புதிதாக வந்தவற்றுக்கு ஒளிய வேறு கடல் இல்லை. கடலில் துரத்தப்பட்டவன் அடுத்த பாருக்குப் போவான். நான்கு அடிக் கண்ணாடிக்குள் துரத்தப்பட்டவன் எங்கே போவான்? பொட்டின் குற்றம் என்று ஏதுமில்லை. அதன் இயல்புக்கு நான் கொடுத்த இடம் போதவில்லை. குற்றமில்லாத ஒன்றை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதுதான் கனத்தது.

முதலில் வலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கையிலும் இரண்டு வலையோடு இரண்டு மணி நேரம். தொட்டியின் ஒவ்வொரு சந்தும் பொட்டுக்கு மனப்பாடம். நான் வலப்பக்கம் போவதற்கு முன்பே அது இடப்பக்கம் இருந்தது. மணல் கலங்கித் தண்ணீர் சோற்றுக் கஞ்சி போல ஆனது. முழங்கை பட்டுத் தோல் பவளத்தின் ஒரு கிளை ஒடிந்தது; ஒடிந்தால் அது வெளியிடும் சளியும் நஞ்சும் மற்ற பவளங்களைச் சுருங்க வைக்கும், கரி போட்டு வடிகட்ட வேண்டும். கோமாளி மீன்கள் மேல்மூலையில் மூச்சிரைத்து நின்றன. துரத்தப்படாதவையெல்லாம் துன்பப்பட்டன. துரத்தப்பட்டது மட்டும் பொந்திலிருந்து முகத்தை நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் அந்த இரவும் சிவப்பு டார்ச்சும்.

கற்கள் அத்தனையையும் வெளியே எடுத்துவிட்டு, தண்ணீரை முக்கால்வாசி இறக்கினால் எந்த மீனும் அகப்படும். பலர் கடைசியில் அதைத்தான் செய்கிறார்கள். மூன்றரை ஆண்டில் கற்களோடு ஒட்டி வளர்ந்த பவளங்களைப் பிய்க்க எனக்கு மனமில்லை. நண்பர் ஒருவர் மிகச்சிறிய தூண்டில் முள்ளைக் கொடுத்து, அதன் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டு இறால் துணுக்கைக் கோத்துப் போடச் சொன்னார். கைதேர்ந்தவர் செய்தால் உதட்டில் ஊசி குத்திய அளவோடு முடிந்துவிடும், நல்ல வழிதான். என் விரலிலிருந்து தின்னும் மீனுக்கு அதே விரலால் முள்ளைக் கொடுக்க முடியவில்லை.

மாமாவுக்கு போன் செய்தேன். அம்மாவின் அண்ணன். கீழக்கரைப் பக்கம் கடலுக்குப் போனவர், இப்போது போவதில்லை. அந்தக் கடலோரத்தில் பார் மீன் பிடிக்க வலையை மட்டும் நம்புவதில்லை. பாரில் வலை கிழியும். உடைமர விளாறுகளைப் பின்னிச் செய்த ஒன்றைக் கல் கட்டி இறக்குவார்கள். அதன் வாய் வெளியே அகன்று உள்ளே போகப் போகக் குறுகும். ஓராவும் கிளிமீனும் விளமீனும் அதில் விழும். அதற்கு அங்கே கூடு என்றுதான் பேர்.

"தொட்டியிலயா மீனு புடிக்கணும்?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "வல தொரத்தும் மாப்ள. கூடு தொரத்தாது. போட்டுட்டு அந்தப் பக்கமே போவக் கூடாது. மீனுக்கு அது கல்லு மாதிரி ஆவணும். வீடு மாதிரி ஆவணும். உள்ள போயிப் போயி வரும். அப்பறம் வராது."

குருவி கட்டுவதும் கூடு. தேனீ கட்டுவதும் கூடு. உயிர் போன உடம்பும் வெறுங்கூடு. மீனை மாட்ட வைக்கும் பின்னலுக்கும் அதே சொல்லை வைத்தவர்கள் சொல் பற்றாக்குறையால் வைக்கவில்லை என்று நினைக்கிறேன். மாமாவின் கூட்டுக்குக் கதவே கிடையாது. உள்ளே வந்த வழி திறந்தேதான் இருக்கும். உள்ளிருந்து பார்க்கிற மீனுக்கு அது வழியாகத் தெரியாது, அவ்வளவுதான்.

ஐந்து லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, மாமாவின் கூட்டைப் பிளாஸ்டிக்கில் செய்தேன். இரவில் ஒரு சின்னக் கோபி உள்ளே போயிருந்தது, காலையில் விடுவித்தேன். பொட்டு வாய்க்கு நேரே வந்து நின்று பார்த்தது, தன் உடம்பின் உயரத்துக்கு வாசல் போதாது என்று கண்டுகொண்டது போல விலகிப் போனது. பிறகு அக்ரிலிக் வெட்டித் தரும் கடையில் ஓரடி நீளப் பெட்டி ஒன்று செய்து வாங்கினேன். ஒரு முனையில் மேலும் கீழும் வழுக்கும் கதவு. கதவைத் தூக்கி நிறுத்தத் தங்கூஸ் நூல். நூலின் மறுமுனை கூடத்தைத் தாண்டிச் சாப்பாட்டு மேசை வரை வந்தது.

முதல் இரண்டு நாள் எந்த மீனும் பெட்டியை அண்டவில்லை. வெளியே தீனி போடுவதை நிறுத்தினேன். பெட்டிக்குள் மட்டும்தான் இறால். மூன்றாம் நாள் கோமாளிகள் நுழைந்தன. நான்காம் நாள் பொட்டு பாதி உடம்பை நுழைத்து, ஒரு துணுக்கைக் கவ்விக்கொண்டு அம்பு போல வெளியே வந்தது. ஆறாம் நாள் உள்ளேயே நின்று தின்றது. எட்டாம் நாள் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. மற்ற மீன்களை அது பெட்டிக்குள் விடவில்லை. வாசலில் குறுக்கே நின்று, டக், டக். பெட்டிக்குள் ஊர்ந்துவிட்ட ஒரு நத்தையைக் கவ்வி வெளியே கொண்டுபோய்ப் போட்டது. பெட்டி அதன் இடமாகிவிட்டது.

அன்றே நூலைத் தளர்த்தியிருக்கலாம். அதற்கடுத்த நாளும் தளர்த்தவில்லை. ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. ஆஸ்திரேலியாவின் கலம் பிரவுன் 2001இல் வெளியிட்ட ஆய்வில், வானவில் மீன்கள் தங்களை நோக்கி இழுக்கப்படும் வலையில் இருக்கும் ஒரே ஓட்டையை ஐந்து முறைக்குள் கண்டுபிடித்துக்கொண்டன; பதினொரு மாதம் கழித்து அதே வலையைக் காட்டியபோது அந்த வழியை மறக்கவில்லை. இரண்டு, மூன்று ஆண்டு வாழும் மீனுக்குப் பதினொரு மாதம் எவ்வளவு நீளம்! பஹாமாஸ் கடலில் சிங்கமீன்களை ஈட்டியால் குத்தி அகற்றும் பார்களில், தப்பித்தவை பகலில் வெளியே வராமல் கல்லின் ஆழத்துக்குள் ஒதுங்கிவிடுவதை 2014இல் பதிவு செய்திருக்கிறார்கள். பிடிக்கத் தவறிய ஒவ்வொரு முறையும் நாம் மீனுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கிறோம்.

அந்தச் சிங்கமீன்களின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பொட்டைப் பிடித்தால் கடலில் விட்டுவிடலாமே என்று வீட்டிலும் அலுவலகத்திலும் பலர் கேட்டார்கள். சிங்கமீன் நம் பக்கத்துக் கடல்களின் மீன். அட்லாண்டிக்கில் அதற்கு இடமில்லை. 1985இல் ஃபுளோரிடாவின் டானியா கடற்கரைக்கு அருகே ஒன்று தென்பட்டது. வீட்டுத் தொட்டிகளில் அளவுக்கு மீறி வளர்ந்ததை, தொட்டித் தோழர்களைத் தின்றதை, மனமிரங்கிக் கடலில் விட்டவர்களின் வேலை என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2004இல் பஹாமாஸ். பிறகு கரீபியன் முழுவதும். ஒரு பெண் மீன் ஆண்டுக்கு இருபது லட்சம் முட்டை வரை இடும். ஒரே ஒரு சிங்கமீன் இருந்த சின்னப் பார்களில் ஐந்தே வாரத்தில் புதிதாக வந்து சேரும் குஞ்சுகளின் வரவு 79 விழுக்காடு குறைந்ததை ஆல்பின்ஸும் ஹிக்சனும் 2008இல் காட்டினார்கள். யாரோ ஒருவர் தன் கூடத்துத் தொட்டியிலிருந்து எடுத்த வேண்டாத மீன். இரக்கத்தோடு விட்டிருப்பார். அவர் முகத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. டேங்க் கிளீனர் என்று கொளத்தூரில் வாங்கி, வளர்ந்ததும் ஏரியில் விட்ட கவச மீன்கள் நம் ஏரிகளில் வலைக்கு வலை ஏறுகின்றன. அவற்றின் முள்ளில் வலை கிழிந்து நிற்கும் மீனவர்கள் அதற்கு யாரிடம் கேட்பார்கள்? பொட்டு இந்தியப் பெருங்கடலிலும் வாழும் இனம்தான். ஆனால் இந்தப் பொட்டு எந்தக் கடலில் பிடித்தது என்று விற்றவருக்கே தெரியாது. தொட்டியில் ஊறிய ஒட்டுண்ணியையும் நோயையும் சேர்த்துத்தான் அதை விட வேண்டியிருக்கும். மெரினாவின் மணல் அடித்தளத்தில் அதற்கு ஒளிய ஒரு கல்லும் இல்லை. விடுவது என்ற பேரில் தூக்கி எறிவதாகத்தான் இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை காலை. "நான் சாப்பாடு போடட்டுமாப்பா?" என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்தக் கை அவளுடையதாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவளுக்கு அது புரிந்தது என்றே தோன்றுகிறது. எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

இறாலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். நூல் விரலில் சுற்றியிருந்தது. பொட்டு உடனே உள்ளே போகவில்லை. கண்ணாடியோரம் வந்து நான் இருக்கும் பக்கமாக நின்றது. நான் ஏன் அருகில் இல்லை என்று பார்ப்பது போலிருந்தது. பிறகு திரும்பி, அவசரமில்லாமல், தன் வீட்டுக்குள் நுழைகிறவன் நுழைவதுபோல் நுழைந்தது. விரலைத் தளர்த்தினேன். கதவு விழுந்த சத்தம் பொட்டு போடும் சத்தத்தைப் போலவே இருந்தது. ஒரே ஒரு டக்.

அது முட்டி மோதும் என்று நினைத்தேன். மோதவில்லை. வாசல் பக்கம் திரும்பிப் பொந்தில் நிற்பது போலவே நின்றது. வலையில் அள்ளினால் முதுகு முள் சிக்கிக் கிழியும் என்பதால் பெட்டியைத் தண்ணீரோடு தூக்கி வாளிக்குள் இறக்கினேன். மூன்றரை ஆண்டில் முதல் முறையாக அதை மேலிருந்து பார்த்தேன். மெல்லிசாக இருந்தது. பக்கத்திலிருந்து பார்க்க உள்ளங்கை அகலம் தெரிந்த மீன், மேலிருந்து இரண்டு விரல் கனம்தான்.

கொளத்தூருக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், பொட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நல்லா வளத்திருக்கீங்க சார். விட்டுட்டுப் போங்க. அடுத்த வாரம் அண்ணா நகர்ல ஒரு பெரிய டேங்க் போடுறோம், சைக்கிளுக்கு விட்டுரலாம். இது எதையும் தாங்கும்."

வாளியின் மூடியைத் திறக்காமலேயே திரும்ப எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதில் தப்பாக எதுவும் அவருக்குப் பட்டிருக்காது. மூன்றரை ஆண்டுக்கு முன் எனக்கும் படவில்லை. பக்கத்துக் கடையில் இரண்டரை அடித் தொட்டி ஒன்றை வாங்கி ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாளி காலுக்கிடையில்.

"இன்னொரு தொட்டியா? எங்க வைக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. பிறகு அவளே துணி இஸ்திரி போடும் மேசையைக் காலி செய்து கொடுத்தாள். பெரிய தொட்டியின் வடிகட்டியில் ஊறிக்கிடந்த பஞ்சைப் பாதி வெட்டிப் புதுத் தொட்டியில் வைத்தேன். அந்தப் பஞ்சிலுள்ள நுண்ணுயிர்கள் பொட்டின் முதல் மாதக் கழிவில் பெருகத் தொடங்கியவற்றின் வழிவந்தவை. இந்த முறை அமோனியா ஏறவில்லை. நாள்தோறும் சோதித்தேன்.

பெரிய தொட்டியில் ஒரு வாரம் அமைதி. ஒளிந்திருந்த கோபி நடு மணலுக்கு வந்து குழி பறித்தது. இரண்டாம் வாரம் பெண் கோமாளி இடது மூலைப் பொந்தின் முன்னால் நிற்கத் தொடங்கியது. நெருங்கியவர்களை விரட்டியது. பொட்டு அளவுக்கு இல்லை, ஆனால் விரட்டியது. மகள் அதைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

புதுத் தொட்டியில் பொட்டு முதல் நான்கு நாள் தின்னவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து, நான் தீனியைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போன பிறகு தின்றது. விரலுக்கு வருவதில்லை. கண்ணாடியில் தெரியும் தன் நிழலோடு அது சண்டை போடுவதைப் பார்த்து, மூன்று பக்கமும் கறுப்பு சார்ட் தாளை ஒட்டினேன். நான்காவது பக்கம் கூடத்தைப் பார்த்தது. வெளிச்சத்துக்காக அதை விட்டுவைத்தேன். உள்ளே இரண்டு கல், ஒரு பொந்து. மண்டபத்துப் பக்கமிருந்து உறவினர் ஒருவர் அனுப்பிய சோழிகளையும் போட்டேன். சோழிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டது.

இப்போது ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இரவில் கடைசியாக விளக்கை அணைக்கப் போகும்போது அந்தத் திறந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். பொட்டு பொந்திலிருந்து வெளியே வரும். கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும். துடுப்புகள் விரியும். டக், டக். இன்னும் கொஞ்சம் நின்றால் இன்னும் கொஞ்சம் முன்னால் வரும். டக். நான் விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.